பிளஸ் டூ பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி? சேலம், ஏற்காடு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ பிள்ளை மதிப்பெண்ணைத் தொலைப்பது பெரும்பாலும் வீட்டில். கல்லூரி இடத்தைத் தொலைப்பது மே மாதத்து இ-சேவை மைய வரிசையில். தேர்வு அறையில் தொலைவது இவற்றைவிடக் குறைவுதான். பல வீடுகளில் முதலில் "என்ன கோர்ஸ்?" என்று பேசுகிறார்கள், அப்புறம் டியூஷன் தேடுகிறார்கள், சான்றிதழைக் கடைசியில் நினைக்கிறார்கள். தூக்கத்தையும் மனசையும் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் நேரம், அடுத்து உடம்பும் மனசும், பிறகு காகிதம், அதன்பின் கோர்ஸ்.

ஜூன் மாதத்தில் தொடங்கினால் எல்லாமே நிதானமாக நடக்கும். நவம்பரில்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றாலும் கைவிட வேண்டாம். ஏழாவதாக உள்ள சான்றிதழ் பகுதிக்கு நேராகப் போய் அதை முடித்துவிட்டு, பிறகு மேலே வாருங்கள்.

1. ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் ஏழு நாளையும் கட்டம் போட்டு, பிள்ளை எழுந்தது, பஸ் ஏறியது, வீடு வந்தது, சாப்பிட்டது, படுத்தது எல்லாவற்றையும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அதை வைத்துத் திட்டக் கூடாது. கணக்குக்காக மட்டும்தான்.

நாகலூர், வெள்ளக்கடை பக்கத்துக் கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து படிக்கும் பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்துப் பாதையில் நடந்து வீடு சேரும்போது இருட்டியிருக்கும். அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீடாக இருந்தால் சத்தம் இரவிலும் நிற்காது. சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டில், பள்ளி விட்டு வந்ததும் பிள்ளையும் ஒரு கை கொடுத்தாக வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் பள்ளி நாளன்று உண்மையாகக் கிடைப்பது இரண்டரை மணி நேரம், மிஞ்சினால் மூன்றரை. ஆறு மணி நேரம் படிப்பதாக அட்டவணை எழுதி ஒட்டினால் மூன்றாம் நாளே அது தோற்றுவிடும். "என்னால முடியல" என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

மாலை 6.30-க்கு வீடு சேரும் பிள்ளைக்கு ஒத்துவரும் அட்டவணை இது. 7.00 வரை கை கால் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, சும்மா இருக்கட்டும். 7.00 முதல் 7.50 வரை கடினமான பாடம். பத்து நிமிடம் எழுந்து நடக்கலாம். 8.00 முதல் 8.50 வரை கணக்கு அல்லது எழுத்துப் பயிற்சி. சாப்பாட்டுக்குப் பிறகு 9.20 முதல் 9.50 வரை ஒரு மதிப்பெண் வினாக்கள். 10.00 மணிக்குப் படுக்கை. காலை 6.15 முதல் 7.15 வரை, முந்தைய மாலை படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. மொத்தம் மூன்று மணி பத்து நிமிடம். ஞாயிறு காலை மட்டும் மூன்று மணி நேரம் சேர்த்து எடுத்து, ஒரு முழு வினாத்தாள் எழுதலாம்.

தறிச் சத்தத்தில் கணக்குப் போடலாம், படம் வரையலாம். மனப்பாடம் செய்வது கடினம். அந்த வேலையைத் தறி நிற்கும் விடியலுக்குத் தள்ளுங்கள், அல்லது பள்ளியிலேயே மாலை ஒரு மணி நேரம் உட்கார இடம் கேளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் தலைமையாசிரியர் பெரும்பாலும் மறுப்பதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சத்தத்தை மறைக்கக் காதில் பாட்டு போட்டுக்கொள்வது பலன் தராது. பாட்டில் வரும் வார்த்தையும் பாடத்தின் வார்த்தையும் மண்டைக்குள் முட்டிக்கொள்ளும்.

மலையில் மழைக் காலத்தில் கரண்ட் போகும். சார்ஜ் ஏறும் எல்.இ.டி. விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். வலது கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழ வேண்டும், இல்லையென்றால் கையின் நிழலே எழுத்தின் மேல் கிடக்கும்.

2. ஐம்பது நிமிடத்தில் என்ன செய்வது

நிறையப் பிள்ளைகள் படிப்பது என்றால் வாசிப்பது என்று நினைக்கிறார்கள். ஒரே பக்கத்தை நாலு தடவை வாசித்தால் பழகிய முகம் போலத் தெரியும். தெரிந்த முகத்துக்குப் பெயர் ஞாபகம் வராதது போல, தேர்வில் வரி வராது. எழுதினால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடமான நிலைமின்னியலை எடுத்துக்கொள்வோம். மின் இருமுனையின் அச்சுக் கோட்டில் உள்ள புள்ளியில் மின்புலத்தைக் கணக்கிடுவது ஐந்து மதிப்பெண் வினா.

முதல் பத்து நிமிடம் புத்தகத்தைத் திறந்து படத்தை மட்டும் வரையட்டும்: இரண்டு மின்துகள்கள், நடுப்புள்ளி, மின்புலம் கேட்கும் புள்ளி, தூரங்கள், திசை காட்டும் அம்புக்குறிகள். அடுத்த பதினைந்து நிமிடம் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்டபடி படிக்கட்டும். நேர் மின்துகள் அந்தப் புள்ளிக்கு அருகில் இருக்கிறது, எதிர் மின்துகள் சற்றுத் தள்ளி இருக்கிறது. அதனால்தான் ஒரு பகுதியில் தூரம் கழிகிறது, மற்றதில் கூடுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி தருவிப்பு தானாக வரும்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் இருபது நிமிடம் எழுதட்டும். நடுவில் நின்றுபோனால் உடனே புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒரு கோடு விட்டு, தெரிந்த அடுத்த வரிக்குப் போகலாம். கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்ட இடங்களைச் சிவப்புப் பேனாவில் நிரப்ப வேண்டும்.

இதில் மதிப்பெண் போகும் இடங்கள் வழக்கமாக மூன்று. ஒன்று, படமே போடாமல் கணக்கைத் தொடங்குவது. இரண்டு, புள்ளி இருமுனையின் நீளத்தைவிட வெகு தொலைவில் இருக்கிறது என்ற நிபந்தனையை எழுதாமல் கடைசிச் சமன்பாட்டுக்குத் தாவுவது. மூன்று, மின்புலத்தின் திசை இருமுனைத் திருப்புத்திறனின் திசையே என்று சொல்லாமல் விடுவது. மறுநாள் காலை அதே தருவிப்பை ஏழு நிமிடத்தில் எழுத முடிந்தால் அது கைவசம் வந்துவிட்டது. நான்காம் நாள் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை தொட்டுவிட்டால் மார்ச் வரை தங்கும்.

சிவப்பு மையில் திருத்திய தாள்களைக் குப்பையில் போடாமல் பாடவாரியாகக் கோர்த்து வையுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் புரட்ட அதைவிட நல்ல நோட்ஸ் கடையில் கிடைக்காது.

3. வினாத்தாளின் கணக்கு

மொத்தம் 600 மதிப்பெண். ஆறு பாடம், பாடத்துக்கு 100. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்து 90, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு ஒவ்வொரு பாடத்திலும் மொத்தம் 35 வேண்டும். அதற்குள் எழுத்துத் தேர்வில் மட்டும் 70-க்கு 15, அல்லது 90-க்கு 25 எடுத்தாக வேண்டும்.

தடுமாறும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை உட்கார வைத்துக் காட்டுங்கள். ரெக்கார்டு நோட்டு ஒழுங்காக முடித்து, செய்முறைத் தேர்வுக்கு வந்து, வகுப்புக்கும் தவறாமல் வந்த பிள்ளை செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் நல்ல பங்கை முன்கூட்டியே சம்பாதித்திருக்கும். இயற்பியலில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள் வருகின்றன. தேர்ச்சிக்கு எழுத்தில் வேண்டியதும் 15தான். ஒரு மதிப்பெண்ணில் பத்து, தெரிந்த இரண்டு மதிப்பெண் வினா நான்கு, ஐந்து மதிப்பெண் வினா இரண்டு என்று போனாலே 28 வந்துவிடும். "ஃபெயில் ஆயிடுவேன்" என்று பயந்துகொண்டிருந்த முகம் இந்தக் கூட்டலைப் பார்த்ததும் மாறும்.

இயற்பியல் வினாத்தாளில் எழுத வேண்டியவை: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் 6, மூன்று மதிப்பெண்ணில் 6, ஐந்து மதிப்பெண்ணில் 5. கணிதத்தில் ஒரு மதிப்பெண் 20, மற்ற மூன்று பகுதிகளிலும் ஏழேழு. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒரு வினா கட்டாய வினாவாக இருக்கும். தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறதே என்று பாடங்களை ஒதுக்கும் பிள்ளை அந்தக் கட்டாய வினாவில்தான் சிக்கும். ஐந்து மதிப்பெண் பகுதியில் 'அல்லது' இருக்கும், ஆனால் இரண்டும் ஒதுக்கிய பாடத்திலிருந்தே வந்துவிட்டால் வழியில்லை.

தேர்வு மூன்று மணி நேரம். அதற்கு முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம், முகப்புத் தாளை நிரப்ப 5 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்து மதிப்பெண் வினாக்களில் எதை எழுதுவது என்று முடிவெடுத்துவிட வேண்டும். இதையும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் பழக்குங்கள்.

பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை. அதனால் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரம்கட்டும் பழக்கம் வரக்கூடும். அது தவறு. மருத்துவத்துக்கான நீட், பொறியியலுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. பிளஸ் டூ கணிதமும் இயற்பியலும் பதினொன்றின் முக்கோணவியல், வெக்டர், நுண்கணிதம் மேல்தான் நிற்கின்றன.

4. நம் ஊர் நாட்காட்டி

ஆடிப் பண்டிகை வாரத்தில் சேலத்தில் யாரும் படிக்கப் போவதில்லை. அதை விடுமுறை என்றே எழுதி, அடுத்த வாரத்துக்கு ஒரு பாடம் கூடுதலாக வையுங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று பள்ளி ஆண்டு ஓடும்.

மலையில் சிக்கல் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வருகிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. அரையாண்டும் திருப்புதலும் அதே நாட்களில். கூலி கிடைக்கும் அந்த நேரத்தில் பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைக்காதீர்கள் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. வீட்டின் ஆண்டு வருமானமே அதில் இருக்கும்போது சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. நடைமுறையில் செய்யக்கூடியது: பள்ளி நாளில் ஒருபோதும் இல்லை, சனி ஞாயிறில் அரை நாள் மட்டும், ஜனவரி 10-க்குப் பிறகு அதுவும் இல்லை என்று வீட்டுப் பெரியவரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்வது. வகுப்பாசிரியர் அக்டோபரிலேயே அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வந்தால் பாதி வருகைக் குறைவு தீரும். திருப்புதல் தேர்வைத் தவறவிட்ட பிள்ளைக்கு அந்த வினாத்தாளைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை எழுத வையுங்கள்.

5. தூக்கம், சாப்பாடு, கண்

பதினாறு பதினேழு வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் தேவை. இந்த வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் பின்னால் நகர்கிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராதது சோம்பேறித்தனம் அல்ல. நாலு மணிக்கு எழுப்புவதில் தவறில்லை, எட்டு மணிக்கே படுக்க வைக்க முடிந்தால். பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் அது புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். பகலில் படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். தேர்வுக்கு முந்தைய இரவு கண் விழிப்பதால் புதிதாகச் சேருவதைவிடக் கலைந்துபோவது அதிகம்.

மாலை ஐந்து மணிக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம். காப்பி விளையும் ஊரில் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் அதன் வேகம் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகிறது.

"படிச்சா தலை சுத்துது, எப்பவும் அசதியா இருக்கு" என்று பெண் பிள்ளை சொன்னால் முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதிக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். குமட்டுகிறது என்றுதான் பல பிள்ளைகள் அதைத் தூக்கி எறிகிறார்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி கூடாது, இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. கம்பங்கூழ், ராகிக் களி, முருங்கைக்கீரை, ஒரு முட்டை, ஒரு நெல்லிக்காய் போதும். பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளையின் கையில் இரண்டு இட்லியாவது வாழை இலையில் மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு சரியாகப் போடும் பிள்ளை கரும்பலகையிலிருந்து எண்ணைத் தப்பாக எழுதினால் கண் பரிசோதனை செய்யுங்கள். கவனக்குறைவு என்று ஓராண்டு திட்டிவிட்டுப் பிறகு கண்ணாடி வாங்கிய வீடுகள் அதிகம்.

6. மனசு

தினமும் ஐந்து நிமிடம், மார்க் பற்றிப் பேசாத ஐந்து நிமிடம் வேண்டும். "எத்தனை மார்க்?" என்பதற்குப் பதில் "கண்ணு, இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உடனே அறிவுரை சொன்னால் மறுநாள் பதில் வராது. எதிர் வீட்டுப் பெண்ணோடு, சித்தப்பா மகனோடு ஒப்பிடுவதை இந்த ஓராண்டுக்கு முழுவதுமாக நிறுத்துங்கள்.

சாதாரணப் பதற்றம் தேர்வு முடிந்ததும் இறங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ மாறியிருந்தால், நண்பர்களை விட்டு ஒதுங்கினால், பிடித்த விளையாட்டுக்கும் போகாமல் இருந்தால், காரணமில்லாமல் அழுகையோ கோபமோ வந்தால் அது வேறு. தனக்குப் பிடித்த பொருளை யாருக்காவது கொடுப்பது, "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு வந்தால் அன்றைக்கே செயல்பட வேண்டும். நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா சாமி?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 14416 மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும். சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதை ஊரில் யாரும் அறிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வராமல் போனால் கல்யாணப் பேச்சு இருக்கிறதா என்று தோழிகளிடம் விசாரியுங்கள். 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், அழைத்தவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

செல்போனைப் பிடுங்கி வைப்பது பலன் தருவதில்லை, பாடம் அனுப்புவதே வாட்ஸ்அப்பில்தான். படிக்கும் நேரத்தில் போன் வேறு அறையில், இரவு 9.50-க்குப் பெற்றோரின் படுக்கை அருகே. இந்த விதி வீட்டில் எல்லோருக்கும் பொருந்த வேண்டும்.

7. காகிதங்கள்: டிசம்பருக்குள்

முதலில் பெயர். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பள்ளி எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான கல்வித் துறைத் தளம்) பதிவு, வங்கிக் கணக்கு நான்கிலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று நான்கையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பது, அப்பாவின் முழுப் பெயர் ஒன்றில் மட்டும் ஒட்டியிருப்பது, இவைதான் அடிக்கடி வரும் கோளாறு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே எளிது. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் சரிபார்க்கச் சொல்லும்போது கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வராமல், பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துப் பார்க்கட்டும்.

அடுத்து சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். எல்லாம் இ-சேவை வழியாக, கேன் எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படி ஏறிப் போகும். எங்கே நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணை வைத்து வாரம் ஒருமுறை பார்த்து, நின்ற இடத்துக்கு நேரில் போய்க் கேட்டால்தான் நகரும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் கிடைக்காது. கலந்தாய்வு மூலம் வாங்கிய இடத்துக்கு மட்டுமே செல்லும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை.

சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். மலையாளி சமூகத்தவர் (கேரளத்தார் அல்லர், இந்த மலைவாழ் மக்கள்) சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றச் சான்றிதழ்கள் தாலுகாவில் முடிந்துவிடும், பழங்குடியினர் சான்றிதழை வழங்குவது வருவாய்க் கோட்டாட்சியர். அம்மா அப்பாவிடமே சான்றிதழ் இல்லை என்றால் கள விசாரணை நடக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே பிளஸ் ஒன் சேர்ந்த உடனே விண்ணப்பித்துவிட வேண்டும். அப்பா வழி உறவினரில் யாரிடம் சான்றிதழ் இருந்தாலும் அதன் நகலையும், உறவைக் காட்டும் ரேஷன் கார்டு, பழைய பள்ளிச் சான்றுகளையும் சேர்த்துக் கொடுங்கள். பழங்குடியினர் ஒதுக்கீடு, உதவித்தொகை, கட்டணச் சலுகை மூன்றுமே இந்த ஒரு தாளில் தொங்குகின்றன.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வாங்குங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றில் 7.5 சதவீத ஒதுக்கீடு இதை வைத்துத்தான். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி நாட்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். அதை மே மாத விடுமுறையில் தேடினால் அலைச்சல்தான்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்து, உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிக் கிடக்கும். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

8. கோர்ஸ் தேர்வு

பொறியியல் கட்ஆஃப் 200-க்கு. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக 50, 50. கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 86 என்றால் 84, 39, 43 சேர்த்து 166. கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்ஆஃபில் முழுசாக ஒன்று கூடும், இயற்பியலில் கூடினால் அரைதான். கடைசி மாத நேரத்தைப் பங்கிடும்போது இதை நினைவில் வையுங்கள். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மதிப்பெண் கணக்கு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. 1857-இல் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கான அரசு கலைக் கல்லூரி, கருப்பூரில் அரசுப் பொறியியல் கல்லூரி, பெரியார் பல்கலைக்கழகம், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி, அரசு சட்டக் கல்லூரி, தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி. தறிக் குடும்பத்துப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டியது மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். சேலத்திலேயே இருக்கிறது. தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அங்கே மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கும்.

நீட் எழுதாமல் போகக்கூடிய வழிகளையும் சொல்லுங்கள். பி.எஸ்சி. நர்சிங், பெரும்பாலான துணை மருத்துவப் படிப்புகள், கால்நடை மருத்துவம், வேளாண்மை இவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை நடக்கிறது. அறிவியல் பிரிவிலோ தொழிற்பிரிவிலோ தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலைக் கிராமங்களுக்கும் பள்ளி வாசல்களுக்கும் ஆட்கள் வருவார்கள். "நர்சிங் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் குடுங்க" என்பார்கள். கொடுக்காதீர்கள். படிப்பு பிடிக்காமல் திரும்ப நினைத்தால் அந்தச் சான்றிதழ்தான் பிணை. நர்சிங் கல்லூரிக்குத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஓராண்டு, இரண்டாண்டு 'நர்சிங்' படிப்பால் அரசு வேலைக்கும் போக முடியாது, பதிவும் கிடைக்காது. சேர்க்கையின்போது அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி.

9. மே முதல் ஆகஸ்ட் வரை

முடிவு வரும் காலை வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மார்க்கைக் கேட்டு வரும் போன்களை நீங்கள் எடுங்கள், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்.

ஒரு பாடம் போய்விட்டால் அன்று எதுவும் பேச வேண்டாம், சாப்பிட வையுங்கள். மறுநாள் பள்ளிக்குப் போய் துணைத்தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். சில வாரங்களிலேயே தேர்வு நடந்துவிடும், அதே ஆண்டில் கல்லூரி சேரலாம். மதிப்பெண்ணில் சந்தேகம் என்றால் முதலில் விடைத்தாள் நகல் கேட்டு, பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு, பிறகு மறுமதிப்பீட்டை முடிவு செய்யுங்கள்.

பொறியியல் விண்ணப்பம் மே மாதத்தில் தொடங்கிவிடும். வீட்டில் இணையம் சரியில்லை என்றால் அரசுப் பொறியியல் கல்லூரியில் இயங்கும் உதவி மையத்துக்குப் போகலாம். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். "இது கிடைக்காது" என்று மேலே உள்ளதை விடாதீர்கள். மிகவும் பிடித்ததை முதலிலும் கிடைக்கக்கூடியதைக் கீழேயும் வைக்க வேண்டும். பத்தே பத்துப் போட்டுவிட்டு இடம் கிடைக்கவில்லை என்று நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன, பெயரைப் பார்க்காமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

கல்விக் கடனுக்கு 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணோடு வங்கிக்குப் போங்கள். வாய்மொழியாக "இல்லை" என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

உதவித்தொகை எதுவும் சேர்ந்த மாதமே கைக்கு வராது. மெஸ் பணம், பஸ், புத்தகம் என்று முதல் நான்கு மாதத்துக்கான தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஏலச்சீட்டு எடுப்பதாக இருந்தால் ஜூலையில் கைக்கு வரும்படி பாருங்கள். எல்லாச் சான்றிதழ்களிலும் பத்து நகல், ஆறு புகைப்படம், அசல்களுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. மலையிலிருந்து விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் மூன்று வாரம்தான் கடினம். மூன்றாவது வாரக் கடைசியில் நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்து, வெளியில் கூட்டிப்போய் ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றே விடுதியில் விட்டுவிட்டு வாருங்கள்.